மஞ்சள் கட்டி

மாலை நாலு பத்து. சித்தூர் போகும் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது, அதனால் நேரம் மறக்கவில்லை. மூன்று மாதக் கர்ப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகள் சுவரைப் பிடித்தபடி வந்து, "அம்மா, ரத்தம் பட்டிருக்குது" என்றாள். முன்பு இரண்டு முறையும் இதே மாதத்தில்தான் கலைந்தது.

மனைவி அவளைப் படுக்க வைத்தாள். சித்தூர் லேடி டாக்டருக்கு இரண்டு வரி கிறுக்கி, ஓடிப்போய், கள்ளுக்கடை முன்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

பிறகு காத்திருப்புதான். தென்னந்தோப்புக் காற்று ஜன்னல் வழியாக வந்து அவள் சேலையை மெல்ல அசைத்தது. வீடு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது.

அன்று மதியம்தான் மாட்டு டாக்டர் வந்திருந்தார். ஆறு மாதமாகப் பருவத்துக்கு வராத எங்கள் பசுவுக்குள் கையை விட்டு, முட்டை விளையும் இடத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் கட்டியை நசுக்கிவிட்டார்.

"இது இருக்கற வரைக்கும் மாடு பருவத்துக்கு வராதுங்க. செனை மாட்டுக்கு இதுதான் காவல். ரத்தத்துல ஒரு சரக்க அனுப்பி, கர்ப்பப்பைய 'புடிச்சுக்கோ'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

"பொம்பளைங்களுக்குமுங்களா?"

"பால் குடுக்கற சாதி எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க."

சிரித்துக்கொண்டே அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். இப்போது கட்டில் அருகே நின்றபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் 'புடிச்சுக்கோ' மகளின் ரத்தத்தில் தேய்ந்து தேய்ந்து போவதாகத் தோன்றியது. கட்டியை நசுக்கவிட்டு, 'விடு' என்ற உத்தரவை நானே கொட்டகையில் பிறப்பித்துவிட்டேனோ? மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"படிச்ச மனுசன் பேசற பேச்சாங்க இது? மாட்டையும் மகளையும் ஒண்ணாக் கட்டாதீங்க. அவ காலைப் புடிச்சு உடுங்க."

பிடித்துவிட்டேன். பாதம் சில்லென்றிருந்தது. போர்வையை இழுத்து மூடினேன்.

விளக்கேற்றும் நேரத்தில் வாடகைக் காரில் லேடி டாக்டர் வந்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அழுதபடியே அவரிடமும் மாட்டு டாக்டர் சொன்ன மஞ்சள் கட்டிக் கதையைச் சொன்னேன்.

"கர்ப்பப்பை வாய் மூடியேதான் இருக்குதுங்க. அந்தக் கட்டி சுரக்கற சரக்கையே எண்ணெயில கலந்து ஊசி போட்டிருக்கேன். கரு நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நாளைக்கும் வர்றேன். அதுவரைக்கும் அவ எந்திரிக்கக் கூடாது, நீங்க அழக் கூடாது."