கறிவேப்பிலைக்கு வந்த கடுங்குளிர்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் பிறந்ததும் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் ஓர் இலையுதிர்கால அறிவித்தல் எழுதுவேன். பலெர்மோவின் கிழக்கு ஓரம், பிரான்காச்சோ அடுக்குமாடிகளில் இருக்கிறோம். எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒருமுறை ஆலய மண்டபத்தில் ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அன்றிலிருந்து பதவி என்னுடையது.

அறிவித்தலில் வருவதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். முதல் மழைக்கு முன் பல்கனியில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துப்புரவாக்குங்கள். கோடை முழுக்கத் தொலைந்த உடுப்புக் கிளிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ள மறந்து, ஒரு மணித்தியாலம் முந்திப்போய் வேலைவீட்டு எசமானி சிஞோராவின் வாசலில் நிற்காதீர்கள். அவர்கள் அதற்குப் பழகிவிடுவார்கள். கஸ்தாஞ்ஞாக் கொட்டையைக் கீறாமல் அடுப்பில் போட்டால் வெடிக்கும். செவ்வந்திப் பூவை இந்த ஊரில் கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்கள். வேலைவீட்டுச் சிஞோராவின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோன ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், கேட்டால் என் மனைவி சொல்லுவாள்.

லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி இருக்கும். சுருட்டி வைத்த கம்பளங்களை விரிக்கிற காலம் இது. கம்பளத்தைத் தனியே தூக்காதீர்கள். இடுப்பு உங்களுடையது, கம்பளம் அவர்களுடையது. நானும் அங்கே ஒரு வீட்டில்தான் வேலை செய்கிறேன். என் இடுப்பே இதற்குச் சாட்சி.

ஆனால் சனம் உண்மையில் காத்திருப்பது கடைசி வரிக்கு. கறிவேப்பிலைச் சாடியை எப்போது வீட்டுக்குள் எடுப்பது? இந்த ஊர்க் குளிர் பொல்லாத குளிர் இல்லை. இருந்தாலும் வடக்குக் காற்று ஒரு பிடி பிடித்தால் இலை கருகும். வழக்கமாக நான் எழுதுவது, “அவசரமில்லை, நத்தார் பண்டிகை வரட்டும்.” இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருந்த மனிதனுக்குத்தான் கடந்த நவம்பரில் பைத்தியம் பிடித்தது.

கல்லறைத் திருநாள் கழிந்த வாரம். காலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது, கைத்தொலைபேசி மூக்கோடு ஒட்டியிருக்கிறது. இன்று இரவு மைனஸ் இரண்டு என்று காட்டியது. பக்கத்தில் பனிப்பூப் படம் வேறு. பஸ்ஸின் யன்னலெல்லாம் திறந்திருந்தது. முன்னால் நின்றவர் பத்திரிகையை விசிறியாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார். நானும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். புயலுக்கு முன் அமைதி என்பது இதுதான் என்று நினைத்தேன். என்னுடைய மூளை பதறத் தொடங்கினால் கண்ணையும் தோலையும் ஆலோசனை கேட்பதில்லை.

உடனே எங்கள் பகுதிக் குழுவுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். “அன்பான உறவுகளே, அவசர அறிவித்தல். இண்டைக்கு இரவு மைனஸ் ரெண்டு. ஸ்நோவும் கொட்டலாம். கறிவேப்பிலையளை உடனை உள்ளுக்கை எடுங்கோ. இது பகிடி இல்லை.”

அந்தக் கடைசி வசனம்தான் வேலையைக் கெடுத்தது. பகிடிக்காரன் பகிடி இல்லை என்றால் சனம் நடுங்கிவிடும். மத்தியானத்துக்குள் படங்கள் வரத் தொடங்கின. ஒரு வீட்டில் சாடி குளிக்கும் தொட்டிக்குள் நின்றது. இன்னொரு வீட்டில் குழந்தையின் போர்வையைப் போர்த்திக் கட்டிலில் வைத்திருந்தார்கள். சிஞோராவின் கம்பளத்தை விரித்தபடியே ஒவ்வொரு படத்துக்கும் கைகூப்பிய சின்னம் போட்டேன். ஒரு பகுதி மக்களையே காப்பாற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா.

அப்போது மூன்றாம் மாடி அக்கா அழைத்தார்.

“தம்பி, சின்னச் சாடியளுக்குச் சரி. என்ரை மரத்தை என்ன செய்யிறது?”

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கட்டடத்தில் எனக்கு ஒரு மாடி மேலே இருக்கிறார். அவருடைய கறிவேப்பிலை, நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை அரைவாசியாக வெட்டி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவில் வைத்த மரம். மரம் என்றால் மரமேதான். நான் கையை உயர்த்தினாலும் உச்சி எட்டாது. எங்கள் பகுதியில் எந்தப் பல்கனியில் கறிவேப்பிலையைக் கண்டாலும் அது இந்த மரத்தின் வேரில் வெடித்த கன்றாகத்தான் இருக்கும். தீபாவளிச் சமையலுக்கும் இங்கிருந்துதான் இலை போகும், எங்கள் ஆலயத் திருநாள் சமையலுக்கும் இங்கிருந்துதான். பின்னேரங்களில் அக்கா மேலே போய் அதன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருப்பார்.

“எனக்குப் பிள்ளையள் ரெண்டும் மிலானோவுக்குப் போட்டுதுகள்,” என்றார் அக்கா. “போகாமல் நிண்டது இது ஒண்டுதான். இதுக்கு ஒண்டும் வரக்கூடாது தம்பி.”

“வாறன் அக்கா. நான் இருக்கிறன்,” என்றேன். பின்னர் நடந்ததை யோசித்தால், அந்த மரத்துக்கு வந்த ஒரே ஆபத்து அந்த வசனம்தான்.

வேலை முடிந்து ஓடிவந்தேன். மொட்டைமாடியில் அக்கா, என் மனைவி, கீழ்த்தளத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் சிசிலிக்காரர் ஆகிய மூவரும் நின்றார்கள். பட்டறைக்காரரைச் சில்லு வைத்த தள்ளுபலகைக்காகத்தான் கூப்பிட்டிருந்தோம். விஷயத்தைச் சொன்னேன்.

“குளிரா? பலெர்மோவிலா? நவம்பரிலா?” என்று கேட்டுவிட்டு, தன் சட்டை எத்தனை பொத்தான் திறந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். ஆனால் தள்ளுபலகையைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. வேடிக்கையை விட்டுவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். “என்னப்பா, மைனஸ் ரெண்டு எண்டுறியள். உங்கடை முதுகிலை தண்ணி வடியுது.”

“அது தூக்கிறதாலை.”

“நீங்கள் இன்னும் ஒண்டையும் தூக்கேல்லை.”

தெற்கிலிருந்து வெம்மையான காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து மணலோடு வருகிற ஷிரோக்கோ. தண்ணீர்த் தாங்கி மூடியில் மெல்லிய செம்மண் படிந்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, “கெதியாப் பிடியுங்கோ, இருட்ட முன்னம் இறக்க வேணும்,” என்றேன்.

பீப்பாயைத் தள்ளுபலகையில் ஏற்றிப் படியில் இறக்கியதில் என் இடுப்பு ஒரு சத்தம் போட்டது. அடுத்த மாடியில்தான் லிப்ட் தொடங்கும். லிப்டுக்குள் பீப்பாய் போயிற்று, உச்சி போகவில்லை. வளைத்துப் பார்த்தோம். சரித்துப் பார்த்தோம். மரம் கூரையில் தலையை முட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

“உச்சியை வெட்ட வேணும் அக்கா,” என்றேன்.

“வெட்டாமல் ஏலாதோ?”

“ஸ்நோவிலை முழுக்கப் போறதைவிட உச்சி போறது பரவாயில்லை.”

அக்கா வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து, யாரையும் தொடவிடாமல் தானே வெட்டினார். ஒரு கை நீளத்துக்கு மேல் போனது. லிப்ட் முழுக்கக் கறிவேப்பிலை மணம். பட்டறைக்காரர் மூச்சை இழுத்துவிட்டு, “இதை எதோடு சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டார்.

மரம் ஏறிய லிப்டில் ஆள் ஏற இடமில்லை. மூன்றை அமத்திவிட்டு வெளியே பாய்ந்தேன். கதவு மூடியது. நாங்கள் படியால் ஓடினோம். மூன்றாம் மாடியில் நின்று பார்த்தால் லிப்ட் எங்களைத் தாண்டிக் கீழே போகிறது. படபடப்பில் எதை அமத்தினேனோ, அந்த லிப்டுக்குத்தான் தெரியும். கீழ்த்தளத்தில் சாமான் பையோடு காத்திருந்த அயல்வீட்டுச் சிஞோராவின் முன்னால் கதவு திறந்திருக்கிறது. உள்ளே தலை வெட்டிய மரம் ஒன்று தன்னந்தனியாக நிற்கிறது. அவர் அதற்கு “புவோனசேரா” என்று மாலை வணக்கம் சொல்லிவிட்டுப் படியால் ஏறி வந்தாராம். இதை அவரே பிறகு எல்லோருக்கும் சொன்னார், இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒருவழியாக மரம் அக்காவின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாங்கள் நால்வரும் தரையில் இருந்தபடி மூச்சு வாங்கினோம். அக்கா யன்னல்களை இறுக்கிப் பூட்டினார், ஸ்நோ வரக்கூடாதென்று. வீடு அடுப்பாகக் கொதித்தது.

அந்த நேரம் பார்த்து என் தம்பி கூப்பிட்டான். வீடியோ அழைப்பு. அவன் ரொறன்ரோவில் இருக்கிறான். தடித்த சட்டையும் கம்பளித் தொப்பியுமாகத் தெரிந்தான்.

“அண்ணை, இஞ்சை இண்டைக்கு இரவு மைனஸ் ரெண்டாம். ஸ்நோ கொட்டப் போகுதெண்டு ரேடியோவிலை கதைக்கினம். அங்கை எப்பிடி?”

அழைப்பை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. என் மனைவி கையை நீட்டினாள். தொலைபேசியைக் கொடுத்தேன். எங்கள் ஆட்களின் கைத்தொலைபேசியில் வானிலை ஓர் ஊருக்கு மட்டும் இருப்பதில்லை. தம்பி இருக்கும் ஊர், மச்சாள் இருக்கும் ஊர், மன்னார் என்று வரிசையாக இருக்கும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்போம். முதல்நாள் தம்பியிடம் குளிர் விசாரித்துப் பகிடி பண்ணுவதற்காக ரொறன்ரோவைத் திறந்திருக்கிறேன். திரும்பத் தள்ளவில்லை.

மனைவி ஒருமுறை தள்ளினாள். “பலெர்மோ, இண்டைக்கு இரவு இருவத்திரெண்டு,” என்று வாசித்தாள், ஆலயத்தில் வாசகம் வாசிக்கிற குரலில்.

அக்கா மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது.

“தம்பி,” என்றார் மெதுவாக. “நீர் கனடாக் குளிருக்கு என்ரை மரத்தை வெட்ட வைச்சிட்டீர்.”

பட்டறைக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். மனைவி இத்தாலியனில் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் மரத்தில் சாய்ந்தார். இன்னும் கொஞ்சம் இலை விழுந்தது.

மறுப்பு அறிவித்தல் அனுப்பினேன். குழு இரண்டு நாட்கள் ஓயவில்லை. “பகிடி இல்லை எண்டியள் அண்ணை, உண்மைதான், எங்களுக்கு இப்ப பகிடி இல்லை,” என்றார் ஒருவர். “பிள்ளைக்குத் தொப்பி வாங்கிப்போட்டன், ஸ்நோவைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கோ,” என்றாள் ஒருத்தி. எனக்கு இதெல்லாம் வலிக்கவில்லை. மற்றவர்களைக் கிண்டல் பண்ணியே வாழ்ந்தவன் நான்; வட்டியோடு வாங்கிக்கொண்டேன்.

வலித்தது மரம்தான். அடுத்த நாளே மேலே கொண்டுபோய் வைத்தோம். இழுபறியில் வேர் அசைந்துவிட்டது, அதற்கு மேல் அந்தச் சூட்டுக் காற்று. ஒரு வாரத்துக்குள் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. கடைசியில் நீலப் பீப்பாயில் குத்தி வைத்த விறகுக் கட்டை மாதிரி ஒன்றுதான் மிஞ்சியது. அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னேரங்களில் மேலே கதிரை போட்டு வழக்கம்போல இருந்தார்.

நான் வேலைக்குப் போகும் முன் ஒருதரம், வந்த பின் ஒருதரம் மேலே ஓடினேன். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தளிர்க்கும் என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கடையில் வாங்கிய தயிரைப் பல்கனி வெயிலில் புளிக்க வைத்துக் கரைத்து ஊற்றினேன். குழுவில் இருந்தவர்களும் ஆளுக்கொரு போத்தல் மோர் கொண்டுவந்து தந்தார்கள். ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“காணும் தம்பி. குளிராலை சாகேல்லை, உம்மடை மோரிலை மூழ்கிச் சாகப் போகுது.”

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. நான் அறிவிக்கவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. அக்காவிடம் கன்று வாங்கி வளர்த்த வீட்டுக்காரர்கள், போகிற வழியில் அவருடைய கதவுப்பிடியில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டுப் போனார்கள். ஒருநாள் குழந்தைப் போர்வை வீட்டிலிருந்து, ஒருநாள் குளியல்தொட்டி வீட்டிலிருந்து. அக்காவின் இரசத்துக்கு ஒரு நாளும் இலை இல்லாமல் போகவில்லை. “இதென்ன, என்ரை வீட்டு இலையை எனக்கே கொண்டுவருகினம்,” என்று என் மனைவியிடம் முறைப்பட்டார். முகத்தில் முறைப்பாடு இல்லை என்று மனைவி சொன்னாள்.

பிறகு மழை வந்தது. துவாரம் துப்புரவாக்காத பல்கனிகளில் குளம் கட்டியது. அதில் என்னுடையதும் ஒன்று. மழைக்குப் பின் நல்ல இளம்வெயில் சில நாட்கள் நின்றது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சட்டை மாற்றவில்லை, அக்காவின் குரல் பதிவு வந்தது. “மேலை வாரும்.” அவ்வளவுதான். விறகுக் கட்டை விழுந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். படிகளில் ஏறும்போதே மன்னிப்புப் பேச்சின் முதல் இரண்டு வசனங்களைத் தயாரித்தேன். மூன்றாவதற்கு மூச்சு இல்லை.

அக்கா கதிரையில் இருக்கவில்லை. பீப்பாய்க்கு முன்னால் குந்தியிருந்தார். கத்தி வைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே, கறுத்த பட்டையைப் பிளந்துகொண்டு செம்மஞ்சள் நிறத்தில் மூன்று முளைகள். அரிசிமணி அளவு. ஓர் உச்சி போன இடத்தில் மூன்று.

நான் விரலை நீட்டினேன்.

“கையை எடும்,” என்றார் அக்கா.

எடுத்தேன். அவர் முளைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே கதிரையை என் பக்கம் தள்ளினார். “இதிலை இரும். ஒண்டும் செய்யாதையும். சும்மா இரும்.”

இருந்தேன். வெயில் முதுகில் இதமாக இருந்தது. இளைப்பு அடங்கியது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. இருந்திருந்தாலும் அக்கா விட்டிருக்க மாட்டார்.