உம்மாவின் மடியில் ஒட்டிய படம்

சவூதியிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரின் கையில் உம்மா எனக்கு ஒரு பழைய லெப்டொப் கொடுத்தனுப்பினார். உம்மா அங்கே பணிப்பெண்ணாக வேலை செய்த வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கியது. விசைகளில் அரபு எழுத்துகள் இருந்ததால் எங்கள் ஊர் கற்பிட்டியில் அதற்குக் கிடைத்த மரியாதையே தனி. உம்மாவின் தங்கை, என்னை வளர்த்த சாச்சி, அதை அலுமாரியின் மேல்தட்டில், குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தொடுவதற்கு முன் கைகால் கழுவ வேண்டும். தரையில் வைக்கக் கூடாது, அதன் முன்னால் கால் நீட்டவும் கூடாது. இத்தனை பேணுதலோடு நான் முதலில் செய்த வேலை, ஒரு கழுதைக்குச் செட்டை முளைக்கவைத்துப் பறக்கவிட்டது.

படங்களை வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்று அதில் ஏற்கனவே இருந்தது. வீடியோக்களைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். புத்தளத்து உப்புக் குவியலைப் பனிமலையாக்கி, உச்சியில் எங்கள் வகுப்பை உட்கார வைத்தேன். காற்றாலையின் இறக்கைகளில் சாச்சியின் ஆடுகளைத் தொங்கவிட்டேன். ஆட்டுக்குத் தலை சுற்றாதா என்று கேட்டுவிட்டு சாச்சி மீன் கழுவப் போய்விட்டார். வாப்பா கடலிலிருந்து வந்தால் தூங்கத்தான் நேரம். காட்டுவதற்கு ஆளில்லாமல் படங்கள் பெருகின. பின்னேரமானால் நானே அவற்றைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு உம்மா போனில் ஒரு படம் அனுப்பினார். புது அபாயா, பெரிய சோபா, மடியில் அந்த வீட்டுச் சின்னப் பையன். அவன் உம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

பெருநாள் சாப்பாட்டை ஆறவிட்டு லெப்டொப் முன்னால் உட்கார்ந்தேன். பையனை ஓரம் ஓரமாக வெட்டியெடுத்து, அவன் இருந்த இடத்தை அபாயாவின் கறுப்பால் நிரப்பினேன். அங்கே என்னை வைத்துப் பார்த்தால் கால்கள் சோபாவுக்கு வெளியே தொங்கின. உம்மாவின் கை அவன் அளவுக்குத்தான் வளைந்திருந்தது. அதனால் உம்மா வெளிநாடு போவதற்கு முன் எடுத்த, பால்பல் தெரியச் சிரிக்கும் என் படத்தைத் தேடியெடுத்து ஒட்டினேன். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அவன் பிடித்திருந்த விரலை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல், என் கவுனின் சுருக்குக்குள் மறைத்துவிட்டேன்.

படத்தை அனுப்பினேன். அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா போனில் கோல் எடுத்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“அந்தப் புள்ள எங்க, மகள்?”

அழித்துவிட்டேன் என்றேன். எப்படி அழித்தேன் என்பதையும் பெருமையாக விளக்கினேன். உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்து வீட்டில் சீனி கேட்கிறவரைப் போலத் தயங்கிக் கேட்டார்.

“அவனையும் வெக்க ஏலாதா? ரெண்டு பேரையும்?”

“மடியில இடமில்ல உம்மா.”

“ஓம்,” என்றார் உம்மா. “இடமில்லதான்.”

அவருக்குப் பின்னால் பையன் அழும் சத்தம் கேட்டது. ‘என்ட சீதேவி’ என்று, என்னைக் கூப்பிடும் அதே சொல்லால், தமிழிலேயே அவனைக் கூப்பிட்டுக்கொண்டு உம்மா போனை வைத்தார். அவர் வைக்குமுன்பே அவன் அழுகை நின்றுவிட்டது. அவனுக்குத் தமிழ் விளங்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆத்திரத்தில் அழுதேன். என் உம்மாவை அவன் எடுத்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். நான் வளர்ந்த அந்த வருடங்களில் உம்மா அவனைத் தூக்கிச் சம்பாதித்துத்தான் என்னை வளர்த்துக்கொண்டிருந்தார் என்பது விளங்குவதற்கு, எனக்கொரு மகள் பிறந்து, அவளை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு நானும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.