கிணற்றில் இறங்கிய இஞ்சின்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மோட்டார் சைக்கிளின் இஞ்சினைக் கழற்ற உட்கார்ந்தேன்.

ஏன் கழற்ற வேண்டும்? இரண்டு மைல் போனால் நின்றுவிடுகிறது. இஞ்சினை மட்டும் பார வண்டியில் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டார் சேலத்து மெக்கானிக். எனக்கோ அவசரம். மகள் தெய்வானைக்கு இது ஒன்பதாம் மாதம். டாக்டரம்மா இருப்பது திருச்செங்கோட்டில் — பதினோரு மைல். சைடு காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் காகிதச் சீட்டுக் கட்டினேன். கழற்றிய வரிசையை நோட்டில் எழுதினேன் — பதினேழு வரிகள். பதினெட்டாவது, இஞ்சினைத் தூக்குவது. அதற்கு என் இடுப்பு ஒத்துவராது.

பக்கத்துத் தோட்டத்து முத்துசாமி எட்டிப் பார்த்தார்.

"எதுக்குங்க இடுப்ப ஒடிச்சுக்கறீங்க? கெணத்துக்குக் கொண்டாங்க. எம்பட மாடு ஒரு சால் தண்ணிய அலுங்காம இழுக்குது. உங்க இஞ்சின் பூசணிக்கா மாதிரிங்க."

நியாயமாகத்தான் பட்டது. சைடு காரைக் கழற்றி வைத்துவிட்டு, கிணற்று வாயில் இரண்டு பலகைகள் போட்டோம். முன்சக்கரம் ஒன்றில், பின்சக்கரம் மற்றதில். தண்ணீர் அள்ளும் தோல் சாலுக்குப் பதிலாக, கப்பியில் ஓடும் வடத்தில் இஞ்சினைக் கட்டினோம். மாடுகள் கிணற்றோரச் சரிவில் இறங்க, இஞ்சின் அழகாக மேலே எழும்பியது. முத்துசாமி மாடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தார். இருவருமாக வண்டியைத் தூக்கி அப்பால் நகர்த்தினோம்.

அந்த மாடுகள் பத்து வருஷமாகத் தண்ணீர் இறைப்பவை. சரிவின் கோடிவரை போக வேண்டும். சால் கொட்டியதும் பின்னோக்கி நடந்து மேலேற வேண்டும்... அப்படியே செய்தன. இஞ்சின் பலகைகளுக்கு நடுவே இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. நாங்கள் போய்ப் பிடிப்பதற்குள் சொட்டச் சொட்ட மேலே கொண்டுவந்து, மறுபடியும் முக்கின.

"மாட்டக் குத்தஞ் சொல்லாதீங்க," என்றார் முத்துசாமி. "அதுங்க பழக்குன வேலையத்தானுங்க செய்யுது."

யாரைத்தான் குற்றம் சொல்ல? என் பதினேழு வரிகளில் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தெய்வானை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடுங்கப்பா. மாட்டுவண்டியில போயிக்கலாம்."

முதல் பிரசவத்துக்கும் மாட்டுவண்டியில்தான் போனோம். பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது, தங்கவில்லை.

திருச்செங்கோட்டில் முன்கூட்டியே ஓர் அறை பிடிக்கலாமென்று அலைந்தேன். பிள்ளைத்தாய்ச்சி என்றதும் தீட்டுக்குப் பயந்து கையை விரிக்கிறார்கள். ஈரத்தோடு சேலத்துக்கு அனுப்பிய இஞ்சினைப் பற்றி நேற்று மெக்கானிக்கின் கடிதமும் வந்தது: தண்ணீர் புகுந்து, தீப்பொறி தரும் மாக்னெட்டோ கெட்டுவிட்டது, புதிது சீமையிலிருந்து வர வேண்டும், யுத்த காலம், கப்பல் எப்போது வருமென்று சொல்வதற்கில்லை.

கப்பல் எப்போதாவது வரட்டும். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டா பிறக்கும்?