குழாய் ஊமையான செத்த நேரம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் என் கையால்தான் எழுதுவேன்.

பாலிடெக்னிக் போகும் பேத்தி பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்தாள். ஆம்பிளிஃபயரிலும் வகுப்பு உண்டாம். ஏ வகுப்பு, பாட்டு இல்லாதபோதும் முழு மூச்சாக ஓடிச் சூடாகிக் கிடக்கும். பி வகுப்பில் வேலையைப் பங்கு போட இரண்டு பேர். ஒன்று உழைக்கையில் மற்றது உறங்கும். சூடு குறைவு, ஆனால் கைமாறும் இடத்தில் சத்தம் நெளியும். ஏபியில் உறங்குவதும் அரைக்கண் விழித்திருக்கும். நெளிவு தெரியாது.

கேட்டதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். தாடிக்கொம்புப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குத் தாய்மாமா முதன்முதலாக மைக் செட்டும் குழாய் ஒலிபெருக்கியும் கட்டினார். இவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர் முன்வரிசையில் இருந்தார். சாமியார் பிரசங்கம் முடிந்து, மாமா உட்பட எல்லாரும் கண்மூடிச் செபித்தார்கள். மாமாவின் அப்பா, என் தாத்தா மட்டும் ஆம்பிளிஃபயர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒருத்தரும் பேசக் காணோம், என்னத்துக்கு இம்புட்டுச் சூடு? பேட்டரியில்ல தீந்து போகும்!"

சுவிட்சை அணைத்துவிட்டார்.

கோயிலில் பாட்டு எடுத்துக்கொடுக்கும் உபதேசியார் மைக் முன்னால் பாட்டை எடுத்தார். மூன்றாம் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"ஏலே, குழாய்க்குத் தொண்ட கட்டிக்கிருச்சா? வெந்நி வச்சுக் குடுலே!"

பின்வரிசையில் எவனோ கத்த, ஒரே சிரிப்பு. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழப் போனார். மாமா சுவிட்சைத் தட்டிவிட்டார். ஆனால் பெட்டிக்குள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேறச் செத்த நேரம் ஆகும்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அந்த அடியைப் பிடித்தது. அம்மா. அப்பா போனபிறகு பாட்டென்று வாயே திறக்காத அம்மா. முற்றம் முழுக்கக் கேட்டது. அடுத்த அடியில் குழாய் கண்விழித்து உபதேசியார் குரல் வந்து சேர, அம்மா மெல்ல இறங்கிக்கொண்டாள். இடையில் ஒரு நெளிவு இல்லை.

பெண்ணின் அப்பா மறுபடி உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் மாமாவின் தோளைத் தட்டினார்.

"பொம்பளக் குரல்ல எடுத்து, ஆம்பளக் குரல்ல ஏத்திவிட்டீகளே. நல்ல ஏற்பாடு, மாப்ள!"

பூசைக்குப் பூசை அம்மாவின் உதடு சத்தமில்லாமல் அசைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான் நான். வெற்றிலை மெல்லுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

எழுதி முடித்துப் பேத்தியிடம் நீட்டுகிறேன். இந்தா தாயி, இதை ஒருதரம் வாசிச்சுக் காட்டு. அம்மா பாட்டைப் பிடிக்கிற எடத்துல மட்டும் நிறுத்தாம வாசி.