குடிக்காதவர் போட்ட கையெழுத்து

1998-ல், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர் லேசாக ரத்த வாந்தி எடுத்தார். எனக்குத் தெரியாமல் குடிக்கிறார், அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, நேராகப் பாஸ்டரிடம் இழுத்துப் போனேன். “இனி குடிக்க மாட்டேன்” என்று எழுதிய தாளில் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் வாய் நிறைய ரத்தம் கக்கினார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ரத்தத்தை நிறுத்திவிட்டு, “இது குடியால வந்ததில்லம்மா. கல்லீரல் நல்லாருக்குது. அதுக்குப் போற ரத்தக்குழாயில அழுத்தம் ஜாஸ்தி. அதனால உணவுக்குழாய்ல இருக்கற நரம்பு வீங்கி வெடிச்சு ரத்தம் வந்திருக்குது. உடம்போட எதிர்ப்பு சக்தியே குழாயைக் கெடுத்திருக்கலாம். உறுதியா தெரியல” என்றார்.

“அப்புறம் இன்னாத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க?” என்று அழுதேன்.

“நான் குடிக்கலைன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

கர்த்தர் கிருபையால் பிழைத்தார். இப்போதெல்லாம் பரிசோதனைக்கு நானே தவறாமல் அழைத்துப் போகிறேன். அந்தத் தாளையும் பாஸ்டரிடம் கேட்டு வாங்கினேன். பின்பக்கம், “இனி விசாரிக்காமல் பழி போட மாட்டேன்” என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.