ஐந்தாவது வில்லையின் விரிசல்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பாலிஷ் அக்கா. உலோகத் துண்டுகளைக் கண்ணாடிபோல் தேய்த்து, வைர முனையால் அழுத்தி, எவ்வளவு கடினம் என்று அளந்து சொல்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் தேய்த்ததில் விரல் ரேகையே மழுங்கிவிட்டது. வருகைப் பதிவு இயந்திரம் தினமும் அவளைத் தெரியாததுபோல் முழிக்கும். "என்னைத் தவிர வேற யாரு இவ்வளவு சீக்கிரம் வரப்போறா?" என்று அதனோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஒருநாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி காசு அளவில் ஐந்து உலோக வில்லைகளைக் கொண்டுவந்தாள். இரும்பு, நிக்கல், குரோமியம், கோபால்ட் நான்கும் எல்லாவற்றிலும் சம பங்கு. அலுமினியம் மட்டும் ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதல். பொடிகளைக் கலந்து, அச்சில் அழுத்தி, உருகவிடாமல் சூட்டிலேயே இறுகவைத்தவை. அக்கா அளந்ததில் முதல் வில்லையின் கடினம் நூற்றெழுபது காட்டியது. அலுமினியம் ஏற ஏற எண்ணும் ஏறி, ஐந்தாவது ஐந்நூற்றைத் தாண்டியது. மாணவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அக்கா நுண்ணோக்கியில் குனிந்தாள். ஐந்தாவதில் வைர முனை பதித்த சதுரத் தழும்பின் நான்கு மூலைகளிலிருந்தும் மயிரிழை விரிசல். மற்ற நான்கிலும் அது இல்லை. கடினம்தான், ஆனால் அடிபட்டால் நொறுங்கிவிடும் என்று அர்த்தம்.

"பாப்பா, இந்த மூலையைக் கொஞ்சம் பாரேன்..."

"நம்பர் மட்டும் போதும்க்கா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அறிக்கை கொடுக்கவேண்டிய அவசரத்தில் சொன்னதுதான். ஆனால் அக்காவுக்குச் சுருக்கென்றது. பத்தாவதோடு நின்றவள் சொன்னால் காதில் ஏறுமா? ஐந்து எண்களை மட்டும் எழுதி நீட்டினாள்.

வீட்டில் சொன்னபோது கணவர், "நாளைக்கு இன்னொரு தடவை சொல்லேன், வாயா வலிக்கும்?" என்றார்.

"எனக்கென்ன வந்துச்சு?" என்று எழுந்து போய்விட்டாள்.

ஐந்தாவது கலவையில் பம்புக்குச் சுழல் தகடுகள் செய்தார்கள். ஓட்டிப் பார்த்த மூன்றாம் நாள் அவை சில்லுச் சில்லாகச் சிதறி, பம்பையும் கெடுத்தன. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த நிறுவனம் கைகழுவியது. மாணவியின் உதவித்தொகை நின்றது. மேசையைக் காலிசெய்துவிட்டு விடைபெற வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு ஏதோ காட்ட வந்தீங்களே... விரிசலா?"

தலையாட்டியிருந்தால் போதும். "ஞாபகமில்லையேம்மா" என்று வந்துவிட்டது வாயில்.

மாணவி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "பரவாயில்லக்கா. நான்தான் நின்னு கேட்டிருக்கணும்."

அடுத்த வருஷம் வேறொருவர், மூன்றாவது வில்லையில் இருந்த அளவுக்கே அலுமினியம் சேர்த்துத் தகடு செய்தார். தேய்மானமும் குறைவு, உடையவும் இல்லை. அந்தத் தகடுகளை அக்காதான் அளந்தாள். அளந்து முடித்தும் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

மாணவி இப்போது ஏதோ அலுவலகத்தில் கணக்கெழுதுவதாகக் கேள்வி. அக்கா இரண்டு முறை அவளுக்குப் போன் போட்டாள். இரண்டு முறையும் மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டாள்.