காலைக்காட்சிக்கு ஒரு போஸ்டர்

எங்கள் மலைக்குப் படம் பிடிக்க வந்தவர்களுக்கு ஜீப் ஓட்டியவர் என் சித்தப்பா. கல்வராயன் மலையில் அவர் ஏற்றி இறக்காத சரக்கு கிடையாது. கடுக்காய், மரவள்ளிக் கிழங்கு, நடுவழியில் பிரசவ வலி கண்ட பெண்கள் எல்லாம் அந்த ஜீப்பில் போனதுண்டு. சினிமாக்காரர்கள் போனது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையில் பாதியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டினார். அருவிக்கரையில் எடுக்கும் ஒரு காட்சிக்கு ஊர்ப் பெண்கள் வேண்டுமாம், அக்காவை அனுப்பச் சொன்னார்.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து, அடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். காலை பஸ்ஸில் இறங்கிப் போய்ச் சாயங்கால பஸ்ஸில் ஏறி வருவாள். எங்கள் ஊரிலிருந்து டீச்சரான முதல் ஆள் அவள்தான். பஸ் கண்டக்டராக இருந்த ஒரு சொந்தக்காரருக்கு அவளை நிச்சயமும் செய்திருந்தார்கள்.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. தலையில் விறகுக்கட்டோடு ஓடையைத் தாண்டுவது மட்டும்தான், நம் பெண்கள் தினமும் செய்வதுதானே என்று சித்தப்பா விடாமல் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வேறு. அக்கா விளையாட்டாகக் கிளம்பினாள், நானும் ஒட்டிக்கொண்டேன். அவளை ஓடையைத் தாண்டச் சொன்னார்கள், திரும்பவும் தாண்டச் சொன்னார்கள். கால் இடறி ஒருமுறை நனைந்தும் போனாள். எல்லாம் முடிந்தபின், கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவர் அவளைப் பாறையோரம் நிறுத்தி, இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். ஈர முடி கன்னத்தில் ஒட்டியிருக்க, அக்கா சிரித்தாள்.

மழைக்காலம் முடிந்து படம் வந்தது. சித்தப்பா போகிற ஊரிலெல்லாம் போஸ்டரைப் பார்த்துவந்து சொல்வார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நாயகன் அரிவாளோடு நிற்கிறான், ரத்தம் சொட்டுகிறது. திருக்கோவிலூரில் கோயிலுக்குப் போகிற தெருவில் அதே நாயகன் தோளில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் அவன் அம்மா கண்ணைத் துடைக்கிறாள். இரண்டும் ஒரே படம்தானா என்று அம்மா சந்தேகப்பட்டாள். குழந்தை போஸ்டரை நம்பி நாங்கள் குடும்பத்தோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். படத்தில் அரிவாள்தான் ஜாஸ்தி. அக்கா திரையில் வந்த நேரத்தில் அம்மா குனிந்து முறுக்குப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்வதற்குள் அக்கா ஓடையைத் தாண்டிவிட்டாள். மலை ஏறும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

படம் ஓடவில்லை. தியேட்டர் காலியாகக் கிடந்தபோது மூன்றாவதாக ஒரு போஸ்டர் வந்தது. திங்கட்கிழமை காலை அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சுவரில் அது ஒட்டியிருந்தது. சுவர் நிறைய அவள் முகம். அதே ஈர முடி, அதே சிரிப்பு. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒரு பெண்ணின் உடம்பு, துணி என்று சொல்ல அதிகமில்லாமல். நாயகன் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தான். காலைக்காட்சி மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிள்ளைகளை விட வந்த அப்பாக்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்களாம். பிள்ளைகள் ‘எங்க மிஸ்’ என்று விரல் நீட்டிக் காட்டியிருக்கின்றன. மத்தியானத்துக்குள் அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கும்படி பள்ளிக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் ஜீப்பை எடுத்துக்கொண்டு வடக்கனந்தல் வரைக்கும் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் கிழித்தார்கள். ஒன்றை மட்டும் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா அதைத் தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

“இது எம் பொண்ணு கையி இல்ல. அவ கையில சூடு பட்ட தழும்பு இருக்கும்,” என்றாள்.

அது உண்மைதான். அந்த உண்மையை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அப்பா தியேட்டருக்குப் போனார். எனக்குக் காதுவலி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்ததால் என்னையும் கூட்டிப்போனார். மேனேஜர் கெட்டவராகத் தெரியவில்லை. எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

“கோச்சிக்காதீங்க பெரியவரே. பொம்பளைங்களுக்கு ஒரு போஸ்டர், பசங்களுக்கு ஒரு போஸ்டர், காலைல வர்ற கூட்டத்துக்கு ஒரு போஸ்டர். எல்லாம் மெட்ராஸ்லயே கம்ப்யூட்டர்ல செஞ்சி அனுப்பிடறாங்க. நாங்க ஒட்றதோட சரி. யாரோ மலைக்காரப் பொண்ணுன்னு நெனச்சிருப்பாங்க.”

“யாரோ இல்லீங்க,” என்றார் அப்பா. “அது டீச்சருங்க.”

மேனேஜர் டீ கிளாஸை அப்பா பக்கம் நகர்த்தினார். வெள்ளிக்கிழமை படம் மாறிவிடும், இதன்மேல் வேறு போஸ்டர் ஏறிவிடும், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்றார். கிளம்பும்போது எனக்குக் குழந்தை போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார். நான் ஆசையாக வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் அப்பா அதை என் கையிலிருந்து எடுத்துச் சாக்கடையில் போட்டார். ஏன் என்று கேட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

மேனேஜர் சொன்னபடி வெள்ளிக்கிழமை படம் மாறியது. ஜனங்கள் மாறவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும்போதே பையனைக் கேலி செய்கிறார்கள் என்று சொல்லிக் கண்டக்டர் வீட்டார் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் கூப்பிட வரவில்லை. சித்தப்பா ஜீப்பை எடுக்காமல் குடித்துவிட்டுக் கிடந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. அக்கா அழுது நான் பார்க்கவில்லை. ஓடைக்குக் குளிக்கப் போவதை நிறுத்திக்கொண்டாள். பல் தெரியச் சிரிப்பதும் நின்றுபோயிற்று. அம்மா அந்தப் போஸ்டரை அடுப்பில் வைத்தபோது, வீட்டிலிருந்த அக்காவின் போட்டோக்களையும் எதற்கென்று தெரியாமல் சேர்த்தே வைத்தாள்.

தை மாதம், குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மனைவியை இழந்தவர், அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். அவர் இருக்கிற இடத்தில் தமிழ்ப் படம் ஓடாது என்பதை உறவுக்காரர்கள் ஒரு பெரிய தகுதியாகச் சொன்னார்கள். அதன்பிறகு அக்கா மலைக்கு வரவே இல்லை. சில வருஷம் கழித்து அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனாள். செய்தி வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

அவள் குடகுக்குப் புறப்பட்ட காலையில் பனி இறங்கியிருந்தது. ஜீப்பில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடிவாரம் வரை நானும் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அக்கா என்னைத் தனியாக வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், முக்காட்டை விலக்கிவிட்டு, என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“எம் மூஞ்சிய நல்லா பாத்து வெச்சிக்க,” என்றாள்.

தூர ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருமே தங்கைகளிடம் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு, வேறு யாராவது உட்கார்வதற்குள் முன்சீட்டில் இடம் பிடிக்க ஓடினேன்.